துவக்கு தூக்குபவருக்குப் பயிற்சி வேண்டாமா?

பெண்கள் சஞ்சிகையில் துவக்கைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சில வாசகியர் நினைக்கக்கூடும். அதன் சத்தத்தைக் கேட்டே முப்பது ஆண்டுகளைக் கழித்தவர்கள் நாங்கள். இனி அந்தச் சொல்லே காதில் விழவேண்டாம் என்பது நியாயமான வெறுப்புத்தான். ஆயினும் 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பின்னரும் துவக்கு எமது வாசலை விட்டு முற்றாகப் போய்விடவில்லை. வன்னியில் பன்றியின் பெயரைச் சொல்லிக்கொண்டு அது வீட்டுக்குள் வருகிறது. சந்தியில் நிற்கும் பொலிஸாரின் இடுப்பில் தொங்குகிறது. சில வளவுகளில் கிணறு இறைக்கும்போது துருப்பிடித்த நிலையில் சேற்றோடு மேலே வருகிறது. வெறுத்து ஒதுக்குவதால் மட்டும் அது எம்மை விட்டுப் போகாது.

அமெரிக்காவில் இதுபற்றி ஒரு விவாதம் பல வருடங்களாக நடக்கிறது. அங்குள்ள 50 மாநிலங்களில் 29 மாநிலங்களில் இப்போது ஒருவர் அனுமதிப்பத்திரம் எதுவும் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வீதியில் போகலாம். டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டெம்பர் 1 வரை அதற்கு அனுமதி பெறவேண்டியிருந்தது. அனுமதி கேட்பவர் நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வகுப்பில் இருந்து, சுட்டும் காட்டவேண்டும். அனுமதி தேவையில்லை என்றானபோது அந்த வகுப்பும் கட்டாயமற்றதாகிவிட்டது. அனுமதி வேண்டாம் என்றால் விடுங்கள், பாதுகாப்புப் பயிற்சியையாவது கட்டாயமாக்குங்கள் என்று ஒரு தரப்பு கேட்கிறது. உரிமைக்கு வகுப்பு எதற்கு என்று மறுதரப்பு கேட்கிறது.

இது எங்கோ நடக்கும் வாதம்தான். ஆனால் அதை கொக்குவிலில் இருந்துகொண்டு யோசித்தால் வேறொரு வடிவம் எடுக்கிறது. எமது ஊரில் அனுமதி இல்லாமல் துவக்கு வைத்திருப்பவருக்கு யார் பயிற்சி கொடுப்பது? அனுமதியுடன் வைத்திருப்பவர் பயிற்சி பெற்றவர்தானா? பயிற்சி பெற்றவர் கையில் இருந்தால் எமக்குப் பயமில்லையா? மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல எமது பெண்களைவிடத் தகுதியானவர்கள் உலகில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

சட்டம் சொல்வது

இலங்கையில் சுடுகலன்கள் பற்றிய கட்டளைச் சட்டம் மிகப் பழையது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் அது. வெள்ளைக்காரர் காலத்துச் சட்டத்தைத் திருத்தித் திருத்தியே இன்றும் பாவிக்கிறோம். அனுமதிப்பத்திரம் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31உடன் காலாவதியாகும், புதுப்பிக்கவேண்டும். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளை மிகக் கடுமையாக்கியது. ரி-56 போன்ற தானியங்கித் துவக்கை அனுமதியின்றி வைத்திருந்து குற்றவாளியாகக் காணப்பட்டவருக்கு ஆயுள்தண்டனை வரை போகும். பத்திரிகைகளில் இத்தகைய தீர்ப்புகளை நாம் வாசித்திருக்கிறோம்.

ஆகவே இங்கு அனுமதியின்றித் துவக்கைக் கொண்டு திரிவது உரிமையல்ல, குற்றம். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில வீடுகளில் ‘அது சும்மா இடியன் துவக்குத்தானே’ என்று ஆண்கள் சொல்வதுண்டு. ஊர்க் கொல்லன் செய்ததென்றாலும் தகப்பன் காலத்தில் இருந்து வந்ததென்றாலும் சட்டத்தின் முன் அது துவக்குத்தான். பொலிஸார் வந்து எடுக்கும் நாளில் அது வீட்டுக்குள் இருந்தால், எங்கே இருந்தது, யாருக்குத் தெரியும் என்ற விசாரணையில் மனைவியும் நிற்கவேண்டி வரும். கணவனை இழந்து தனித்து நிற்கும் பெண்ணின் வீட்டில் மகனோ மருமகனோ கொண்டுவந்து வைத்தால், வீட்டுக்காரி அவள்தான்.

அனுமதிப்பத்திரம் உள்ளவர்களையும் அரசாங்கம் இடையிடையே திரும்பிப் பார்க்கிறது. தனிப்பட்ட பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு 2024 நவம்பரில் கேட்டது. சட்டவிரோதத் துவக்குகளை வழக்கின்றி ஒப்படைக்க 2020 பெப்ரவரியில் ஒரு வாரம் பொதுமன்னிப்புக் காலம் கொடுத்தது. இப்படியான காலம் மீண்டும் வந்தால், வீட்டில் உள்ள பெண்கள் அதைத் தவறவிடாமல் ஆண்களுக்கு நினைவூட்டுவது நல்லது. வேறு நாட்களில் கொண்டுபோய்க் கொடுப்பது அவ்வளவு இலகுவல்ல.

பின்னால் ஆளில்லாத துவக்கு

கொக்குவிலில் வீடும் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வயலும் உள்ள குடும்பங்கள் பல. சொந்தக் காணிக்குத் திரும்பியவர்கள், பயிரைப் பன்றியிடமிருந்தும் குரங்கிடமிருந்தும் யானையிடமிருந்தும் காப்பதற்குப் படும் பாடு சொல்லி முடியாது. ஒரு போகம் முழுவதும் கடன்பட்டு விதைத்ததை ஓரிரவில் பன்றிக் கூட்டம் உழுதுவிட்டுப் போனால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? பயிரழிக்கும் விலங்குகளைக் கணக்கெடுக்க 2025 மார்ச் 15இல் நாடு முழுவதும் ஐந்து நிமிடம் ஒதுக்கினார்கள். சிலர் அதைக் கேலி செய்தார்கள். ஆனால் வயற்காரருக்கு அது கேலியல்ல. துவக்குக்கு அனுமதி தாருங்கள் என்று விவசாயிகள் கேட்பதைக் குற்றமாகச் சொல்லிவிட முடியாது.

கேட்டுக் கிடைக்காதபோது, அல்லது கேட்கவே பயந்து, சிலர் கட்டுத்துவக்கை நாடுகிறார்கள். தண்ணீர்க் குழாயை ஒத்த இரும்புக் குழாய், கரிமருந்து, ஈயச் சன்னமோ இரும்புத் துண்டோ, குறுக்கே கட்டிய ஒரு நூல் அல்லது கம்பி. விலங்கு கம்பியில் தட்டினால் வெடிக்கும். ஆனால் வந்தது பன்றியா பக்கத்து வீட்டுப் பிள்ளையா என்று கம்பிக்குத் தெரியாது. பன்றியின் உயரத்துக்குக் கட்டியது மனிதருக்குக் காலில் படும். இலங்கையின் வைத்தியசாலைகளுக்கு வரும் கட்டுத்துவக்குக் காயங்களில் பெரும்பாலானவை முழங்கால், கெண்டைக்கால் பகுதிக் காயங்கள்தான் என்று வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். விறகுக்குப் போகும் பெண்ணும், காணாமற்போன மாட்டைத் தேடிப் போகும் பெண்ணும் அந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள். மிதிவெடிக்குக் காலைக் கொடுத்த மண்ணில் இன்னொரு வகையாலும் கால் போகவேண்டுமா?

பாதுகாப்புப் பயிற்சியின் முதற்பாடம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். எந்தத் துவக்கையும் ரவை ஏற்றியதாகவே நினை. சுட விரும்பாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பாதே. சுடும் கணம் வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் பார்த்து அறிந்துகொள். இவை எல்லாமே துவக்கின் பின்னால் ஒரு மனிதர் நிற்கிறார் என்ற நினைப்பில் சொல்லப்பட்டவை. கட்டுத்துவக்கின் பின்னால் ஒருவருமில்லை. கட்டியவர் வீட்டில் நித்திரை கொள்கிறார். ஆகவே இதற்குப் பயிற்சி என்று ஒன்று இருக்கவே முடியாது. இதைச் செய்யாதே என்பதுதான் பயிற்சி.

இடியன் துவக்கின் கதை கொஞ்சம் வேறு. அதைக் கையில் ஏந்திச் சுடுகிறார்கள். ஆனால் மருந்து இடித்து ஏற்றிய பின்னர் அதை இறக்குவது கடினம். எனவே சுடக் கிடைக்காத நாளில் ஏற்றியபடியே வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் சாத்திவிடுகிறார்கள். ஒரு தீப்பொறியோ ஒரு தட்டோ போதும். சரியான உருக்கில் செய்யாத குழாய் சுடுபவரின் முகத்துக்கு நேரேயே வெடிப்பதும் உண்டு. வெடிமருந்தைச் சமையலறைப் பரணில் வைப்பது இன்னும் மோசம். அடுப்படியில் நிற்பவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பயிர் காக்க அனுமதியுடன் துவக்குக் கொடுப்பதானால் அதோடு ஒரு நாள் பயிற்சியாவது கட்டாயமாகக் கொடுக்கவேண்டும் என்பதே என் கருத்து. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் அனுமதிப்பத்திரம் கோருபவர் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற சான்றிதழைக் காட்டவேண்டும் என்று சொல்கின்றன. மோட்டார் சைக்கிள் ஓட்டவே எழுத்துப் பரீட்சையும் ஓடிக் காட்டும் பரீட்சையும் வைக்கும் நாட்டில் இதை அதிகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

குளப்பிட்டிச் சந்தி

இனி, பயிற்சி பெற்றவர்களைப் பார்ப்போம். 2016 ஒக்ரோபர் 20ஆம் திகதி இரவு கொக்குவில் குளப்பிட்டிச் சந்திக்கு அருகில் மோட்டார் சைக்கிளில் வந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் உயிரிழந்தார்கள். முதலில் விபத்து என்றே சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையில் சூட்டுக் காயம் தெரியவந்தது. பொலிஸார் ஐவர் கைதுசெய்யப்பட்டார்கள். அந்த நாட்களில் இந்த ஊரின் ஒழுங்கைகளில் மாலை ஆறு மணிக்கே படலைகள் சாத்தப்பட்டதும், இரவு வேலை முடிந்து வரும் பிள்ளைகளுக்காகத் தாய்மார் வாசலில் காத்திருந்ததும் இங்குள்ள எல்லோருக்கும் நினைவிருக்கும்.

பொலிஸார் துவக்குப் பிடிக்கப் பழகியவர்கள். சீருடையோடு சேர்த்து அரசாங்கம் பயிற்சியையும் கொடுத்திருக்கிறது. எனவே குளப்பிட்டிச் சம்பவத்தைப் பயிற்சிக் குறைவு என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது. சுடத் தெரிவது ஒன்று. எப்போது சுடக்கூடாது என்று தெரிவது வேறொன்று. சுட்டால் பதில் சொல்லவேண்டும் என்ற பயம் இவை இரண்டையும்விட வேறானது. எமது பிரதேசத்தில் மூன்றாவது நெடுங்காலமாக இருக்கவில்லை. 1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவம் கொக்குவிலுக்குள் வந்தபோது, அகதிகள் தங்கியிருந்த கொக்குவில் இந்துக் கல்லூரியில் எறிகணைகள் விழுந்து எத்தனை குடும்பங்கள் சிதைந்தன என்பதை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த இராணுவமும் நன்கு பயிற்றப்பட்ட இராணுவம்தான்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 2017 ஜூலை 22இல் நல்லூரில் நீதிபதி மா. இளஞ்செழியன் பயணித்த வேளையில், பொலிஸ் உத்தியோகத்தரின் கைத்துப்பாக்கியை ஒருவர் பறித்துச் சுட்டதில் அவருடைய மெய்ப்பாதுகாவலர் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் தம்மோடு இருந்த அந்தச் சிங்கள உத்தியோகத்தரின் மனைவியின் காலில் விழுந்து நீதிபதி அழுத படத்தைப் பார்த்து யாழ்ப்பாணத்துப் பெண்கள் கலங்கினார்கள். விதவை என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. அந்தச் சம்பவம் நடந்து எட்டாம் நாள், ஜூலை 30இல், கொக்குவில் நந்தாவிலில் பொலிஸார் இருவர் வாளால் வெட்டப்பட்டார்கள். இடுப்பில் இருக்கும் ஆயுதத்தைப் பிறர் பறிக்காமல் காப்பதும் பயிற்சியின் ஒரு பகுதி. சனக்கூட்டமுள்ள வீதிக்கு அந்த ஆயுதம் தேவையா என்று மேலதிகாரி யோசிப்பதும் அதற்குள் அடங்கவேண்டும்.

சுவிஸ் நாட்டுப் பெண்கள் கேட்டது

எமது உறவினர் பலர் வாழும் சுவிற்சர்லாந்தில் ஆண்கள் கட்டாய இராணுவ சேவை செய்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் துவக்கை வீட்டுக்கே கொண்டுசெல்வது அங்கு நெடுநாள் வழக்கம். முன்னர் 50 ரவைகள் அடைத்து மூடிய பேணி ஒன்றும் கூடவே கொடுப்பார்கள். உலகில் இவர்களைவிட ஒழுங்காகப் பயிற்சி பெற்ற வீட்டுத் துவக்குக்காரர் இல்லை எனலாம். ஆண்டுதோறும் குறிபார்த்துச் சுட்டுக் காட்டவும் வேண்டும்.

2006 ஏப்ரல் 30இல் அந்நாட்டின் புகழ்பெற்ற பனிச்சறுக்கு வீராங்கனை கொறின் றே பெல்லேயையும் அவருடைய சகோதரரையும் அவருடைய கணவர் இராணுவத் துவக்கால் சுட்டுக் கொன்றார். அதன் பின்னர் ‘அனபெல்’ என்ற பெண்கள் சஞ்சிகை, வீடுகளில் இராணுவத் துவக்கு வேண்டாம் என்று கையெழுத்துச் சேர்த்தது. (எங்களைப் போன்ற ஒரு சஞ்சிகைதான், கொஞ்சம் பளபளப்பான தாள்.) 2007இல் பாராளுமன்றம் வீட்டில் இருந்த ரவைப் பேணிகளைத் திருப்பி எடுக்க முடிவு செய்தது. துவக்கையும் களஞ்சியத்தில் வைக்கவேண்டும் என்று 2011 பெப்ரவரி 13இல் நடந்த சர்வஜன வாக்கெடுப்பில் கேட்டபோது 56 வீதமானோர் வேண்டாம் என்றனர். பெண்கள் பக்கம் தோற்றது. ஆனாலும் ரவை வீட்டை விட்டுப் போயிற்று.

2003 - 2004இல் அந்த இராணுவம் ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டபோது, வீடுகளில் இருந்த இராணுவத் துவக்குகளும் குறைந்தன. அந்த வயது ஆண்களிடையே துவக்கால் தற்கொலை செய்பவர் தொகையும் குறைந்தது. அப்படித் தப்பியவர்களில் பெரும்பாலோர் வேறு வழியை நாடவில்லை என்றும் ஆய்வு காட்டியது. மனம் உடைந்த ஒரு மணிநேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

இதை நாங்கள் வேறு வடிவில் அறிவோம். எமது நாட்டில் 1995இல் தற்கொலை உச்சத்தில் இருந்தது. பூச்சிமருந்தைக் கவனமாகப் பாவிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். அனுராதபுரப் பகுதியில் 180 கிராமங்களில், சில கிராமங்களின் வீடுகளுக்கு மருந்தைப் பூட்டி வைக்கும் பெட்டி கொடுத்துப் பரீட்சித்துப் பார்த்தார்கள். 2017இல் வந்த அதன் முடிவு, பெட்டியால் பயன் தெரியவில்லை என்பது. உயிர்களைக் காத்தது எது என்றால், மிகக் கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததுதான். இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் சுமார் 70 வீதம் குறைந்தது.

துவக்கு விடயத்தில் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். பயிற்சி தவறிச் சுடுவதைக் குறைக்கும். வேண்டுமென்று சுடுவதைக் குறைக்காது. குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனுக்குக் குறிபார்க்கப் பழக்கிவிட்டால் யாருக்கு நன்மை? எனவே அனுமதி வேண்டாம், பயிற்சி போதும் என்ற அமெரிக்க யோசனையை எங்களால் ஏற்க முடியாது. முதலில் யாருக்குக் கொடுக்கலாம் என்ற வடிகட்டல், பிறகுதான் பயிற்சி.

அந்த வடிகட்டலில் மனைவியின் சொல்லுக்கு இடம் வேண்டும். இது கற்பனையல்ல. கனடாவில் நடைமுறையில் உள்ளது. அங்கே துவக்கு அனுமதி கேட்பவர் பாதுகாப்புப் பாடநெறி ஒன்றில் சித்தியடையவேண்டும். அதோடு, தற்போதைய வாழ்க்கைத் துணையும், கடந்த இரண்டு வருடங்களுக்குள் பிரிந்த துணையும் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் பகுதி உண்டு. கையெழுத்து இல்லாவிட்டால் அதிகாரி அந்தப் பெண்ணுக்கு அறிவிக்கவேண்டும். ரொறன்ரோவில் உள்ள எமது பிள்ளைகள் இதை அறிவார்கள். இங்கே வருடாவருடம் புதுப்பிக்கும் பத்திரத்தில் இப்படி ஒரு வரி சேர்ப்பதற்குப் பெரும் பணம் செலவாகாது. மாதர் சங்கங்கள் பிரதேச செயலகத்திலும் மாவட்டச் செயலகத்திலும் எழுத்தில் கேட்கக்கூடிய விடயம் இது.

வீட்டில் ஏற்கெனவே துவக்கு இருந்து, வீட்டுக்காரரின் கைக்கும் வாய்க்கும் பயந்து வாழும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, பின்னர் பன்னிரண்டு மாதம் வரையான கட்டளை. விண்ணப்பிக்கும்போது வீட்டில் ஆயுதம் இருப்பதை மறைக்காமல் முதல் வரியிலேயே சொல்லுங்கள். அடி, காயம் பற்றியெல்லாம் சொல்லிவிட்டு இதை மட்டும் சொல்லாமல் விடுவது பல பெண்களின் வழக்கம். கணவனுக்கு வழக்கு வரும் என்ற பயம் விளங்கிக்கொள்ளக்கூடியதுதான். எனினும் நீதவான் உங்கள் ஆபத்தின் அளவை அறிய அந்த ஒரு விபரம்தான் அதிகம் உதவும். யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் உண்டு. வசதியற்றவர்கள் அங்கு போகலாம்.

கிணற்றுக்குள் கிடந்தால்

கடைசியாக, யாருடையது என்றே தெரியாமல் கிடைக்கும் ஆயுதங்கள். இடம்பெயர்ந்த நாட்களில் யார் யாரோ இருந்த வீடுகள், யார் யாரோ கிண்டிய வளவுகள் எங்களுடையவை. கிணறு துப்புரவாக்கும்போதோ மலசலகூடத்துக்குக் குழி வெட்டும்போதோ துருப்பிடித்த துவக்கு, ரவைக் கூடு, கைக்குண்டு என்று ஏதாவது அகப்படுவது யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் வழமையான செய்தி. பெண் தனித்திருக்கும் வீடென்றால் முதலில் வரும் பயம் வெடிக்குமோ என்பதல்ல. பொலிஸார் என்ன கேட்பார்களோ என்பதுதான். அந்தப் பயத்தில் சிலர் அதை இன்னொரு குழியில் போட்டு மூடுகிறார்கள், சிலர் இரவில் கொண்டுபோய்க் குளத்தில் எறிகிறார்கள். எடுத்துச் செல்லும் வழியில் பிடிபட்டால் கண்டெடுத்தவர் வைத்திருந்தவர் ஆகிவிடுவார். துருப்பிடித்த வெடிபொருள் செத்துப்போனது என்று நினைப்பதும் தவறு. பழையது கூடுதலாகவே நம்பத்தகாதது.

தொடாதீர்கள், கழுவாதீர்கள், கயிறு கட்டி இழுக்காதீர்கள். வேலை செய்தவர்களை மேலே எடுத்துவிடுங்கள். பிள்ளைகளை அயல்வீட்டுக்கு அனுப்பிவிட்டு இடத்தைச் சுற்றித் தடியோ துணியோ கட்டி அடையாளம் வையுங்கள். பொலிஸாருக்கு 119இல் அறிவியுங்கள். தனியாகப் பேசப் பயமென்றால் முதலில் கிராம அலுவலரை வரச்சொல்லுங்கள். அயலவர் இருவரைச் சாட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குக் கண்டீர்கள், யார் யார் நின்றார்கள், எத்தனை மணிக்கு அறிவித்தீர்கள், வந்த உத்தியோகத்தரின் பெயரும் இலக்கமும் என்ன என்று ஒரு கொப்பியில் உடனே எழுதிவிடுங்கள். வாக்குமூலம் கேட்டால் உங்களுக்கு விளங்கும் மொழியில் எழுதி வாசித்துக் காட்டிய பின்னரே கையெழுத்திடுங்கள். தேவையற்ற கெடுபிடி நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 இலக்கத்திலும், பெண்களுக்கான உதவி இலக்கமான 1938இலும் சொல்லலாம். இலக்கங்களை அடுப்படிச் சுவரில் கரியாலாவது எழுதி வையுங்கள், தொலைபேசியில் மட்டும் வைத்தால் அவசரத்தில் தேடவேண்டி வரும்.